யாரைக் கேட்டு என் விலாசம்?

ஜனவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நீ நர்ஸாக இருக்கும் நோயாளி வீட்டில் நேரத்துக்குச் சாப்பாடு போடுகிறார்களா? இடுப்புவலி குறைந்ததா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரி. என் போனை அணைத்து, பிளாஸ்டர் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக அது வாய் மூடவில்லை. காலையில் முகம் கழுவும்போதே ஆரம்பித்துவிடுகிறது. "மேடம், உங்க வெப்சைட்டை நாங்க அழகா டிசைன் பண்ணித் தர்றோம்." அவன் வைத்தால் இன்னொருவன். "மேடம், தேடினா உங்க வெப்சைட் முதல்ல வர்ற மாதிரி பண்ணித் தர்றோம்." என்னிடம் வெப்சைட்டே இல்லை என்றால், "இருக்கு மேடம், போன மாசம்தான் உங்க பேர்ல பதிஞ்சிருக்கு" என்று எனக்கே பாடம் நடத்துகிறான்.

நான் முன்னறையில் உட்கார்ந்து மூன்று டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறவள். எனக்கு எதற்கு வெப்சைட்? நேற்று மெழுகில் முன்பல் வரிசையை நிறுத்திக்கொண்டிருந்தேன். போன் அலறியது. கை ஆடி, கோரைப்பல் பக்கத்துப் பல்லின்மேல் சாய்ந்துவிட்டது. ஒரு பெரியவர் அந்தப் பல்லோடு பேத்தி கல்யாணத்துக்குப் போக வேண்டியவர்.

தபாலில் ஒரு பில்லும் வந்திருக்கிறது. உடனே பணம் கட்டி வெப்சைட் பெயரைப் புதுப்பிக்காவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்களாம். எடுத்துக்கொண்டு போகட்டும், கூடவே என் மூட்டுவலியையும்.

உன் அத்தான்தான் காரணம் என்பது என் தீர்ப்பு. பிரிட்ஜ் பரிசு என்று ஏதோ கடையில் கூப்பன் எழுதிப் போட்டார். அதில் என் நம்பரைத்தான் எழுதியிருப்பார். "இல்லவே இல்ல" என்கிறார். நான்கு நாளாக அவரோடு பேச்சு இல்லை. அவர் ஓட்டும் ஸ்கூல் வேனைத் துடைத்துத் துடைத்துப் பெயின்ட் போகப்போகிறது.

நீ கம்ப்யூட்டர் தெரிந்தவள். இதை நிறுத்த என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுது.

பாசத்துடனும் எரிச்சலுடனும்,
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். இடுப்பு பரவாயில்லை.

அந்த மாதிரி போன்கள் எல்லாருக்கும் வரும் அக்கா. கொஞ்ச நாளில் அடங்கிவிடும். முடிந்தால் நம்பரை மாற்றிவிடு. பில் எதற்கும் பணம் கட்டாதே, அது ஏமாற்று வேலை. அத்தானைத் திட்டாதே, பாவம்.

வீட்டுக்கு யாராவது வந்தார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

இனிமேல் ஏஜென்சி விடுதிக்கு எழுத வேண்டாம். இந்த உறையின் பின்பக்கம் ஒரு மருந்துக்கடை விலாசம் இருக்கிறது. அங்கே எழுது. கடைக்காரம்மா எனக்குத் தெரிந்தவர்.

ட்யூட்டிக்கு நேரமாகிறது.

அன்புடன்,
வாலு


பிப்ரவரி 6

வாலுவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

நம்பரை மாற்று என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! டாக்டர்கள் எல்லாரும் என்னைப் பிடிப்பது அந்த ஒரு நம்பரில்தான். போன் அணைந்து கிடந்ததால், ஆஸ்பத்திரி ரோட்டு டாக்டர் இந்த மாத வேலையை வேறு லேபுக்குக் கொடுத்துவிட்டார். எவனோ செய்த காரியத்துக்கு நான் ஏன் நம்பரை மாற்ற வேண்டும்? என்ன குற்றம் செய்தேன்?

விடுதிக்கு எழுதாதே என்கிறாய். ஏன், விடுதி இடிந்து விழுந்துவிட்டதா?

வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று கேட்டாயே, வந்தான். உன் கடிதம் வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பைல். வாசலில் நின்றபடியே ஒரு தாளை நீட்டினான். அதில் என் முழுப்பெயர், அத்தான் இனிஷியலோடு. கதவு எண், தெரு, என் போன் நம்பர், எதுவும் பாக்கியில்லை.

"இது நீங்கதானே மேடம்?"

"பேரு என்னுது. வீடும் என்னுது. ஆனா நான் எதையும் பதியல. இதை எங்கே திருடினீங்க?"

"திருடல மேடம். ஒரு வெப்சைட் பேரை அடிச்சா, அது யார் பேர்ல இருக்குன்னு வரும். உலகத்துல யார் வேணாலும் பாக்கலாம்."

யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம்! என் வீட்டுக் கதவு எண்ணை! யாரைக் கேட்டு அதை அங்கே எழுதினார்கள்? என்ன வெப்சைட் என்று கேட்டேன். "அது உங்களுக்கே தெரியும். சீக்கிரம் மூடிட்டா எல்லாருக்கும் நல்லது" என்றான். போகும்போது எங்கள் கேட்டைப் போட்டோ எடுத்தான். நான் விளக்குமாற்றோடு வெளியே வருவதற்குள் பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

அத்தான் அன்றிலிருந்து வேனைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்துகிறார். நாங்கள் பேச ஆரம்பித்துவிட்டோம், அதுவரை நல்லது.

என் பெயரை யார் எழுதியிருப்பார்கள் வாலு? எனக்கு வேண்டாதவர்கள் யார்? யோசித்து உடனே பதில் போடு.

அக்கா


மார்ச் 2

வாலு,

நீ பதில் எழுதவில்லை. நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, என் பெயருக்கு. ஒரு நர்ஸ் ஏஜென்சியை நான் அவதூறு செய்கிறேனாம். ஏஜென்சி பெயரைப் படித்ததும் எனக்கு உன் அடையாள அட்டை ஞாபகம் வந்தது. வெப்சைட் பெயரும் நோட்டீஸில் இருந்தது: 'எங்கள் சான்றிதழ் எங்கே'. அத்தானின் போனை வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு முழுக்கப் படித்தேன்.

வேலைக்குச் சேரும்போது ஒரிஜினல் சான்றிதழை வாங்கிப் பூட்டிக்கொள்கிறார்கள், பிறகு நர்ஸுகள் என்ன கேட்டாலும் அதைக் காட்டி மிரட்டுகிறார்கள் என்று ஒவ்வொருத்தியும் எழுதியிருக்கிறாள். காய்ச்சலோடு நான்கு நாள் நின்றவள், நிச்சயதார்த்தத்துக்குப் போக முடியாதவள். எல்லாவற்றையும் படித்தேன். அதில் ஒன்றை மட்டும் இரண்டாம் முறை படித்தேன்.

"என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வேறொருவருடைய அம்மாவுக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தேன். மாற்று ஆள் வரும்வரை நகரக் கூடாது, நகர்ந்தால் சான்றிதழ் கிடைக்காது என்றார்கள். மாற்று ஆள் வந்தபோது அம்மா இல்லை. வீட்டு வாசலில் என் அக்கா, 'இப்ப எதுக்கு வந்தே?' என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை."

கீழே பெயர் இல்லை. 'ஓர் இளைய மகள்' என்று மட்டும் இருந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான். அது இந்த வாசல். என் பெயரை எழுதியது நீயா என்று கேட்கமாட்டேன். நீயே சொல்.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள வாலுவுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. உடம்பைப் பார்த்துக்கொள். நான் எழுதுவது உன் அக்காவுக்குத் தெரியாது. வேன் பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஸ்டியரிங் மேலே தாளை வைத்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

கூப்பன் போட்டது உண்மை. ஆனால் அதில் என் நம்பரைத்தான் எழுதினேன். பிரிட்ஜும் விழவில்லை.

அக்கா மூன்று நாளாக வேலைக்கு உட்காரவில்லை. மேஜை நிறையப் பல் அச்சு காத்துக் கிடக்கிறது. என்னைக்கூடத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "அன்னிக்கு அவளை உள்ள வான்னு நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் வேனைத் துடைக்கப் போய்விட்டேன்.

நீதான் செய்தாய் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். எதுவானாலும் எழுதிவிடு. எழுதாமல் இருக்காதே அம்மா.

அத்தான்


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நீ நலமாக இருக்க வேண்டும்.

நான்தான் அக்கா. உன் பெயரை எழுதியது நான்தான்.

இங்கே எல்லாருக்கும் ஒரே கதை. ஒருத்தி சொன்னால் நம்பமாட்டார்கள், எல்லாருடையதையும் ஒரே இடத்தில் வைத்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். வெப்சைட்டுக்கு ஒரு பெயர் பதிய வேண்டும். மருந்துக்கடை கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். சொந்தக்காரர் யார், விலாசம் என்ன, போன் என்ன என்று கேட்டது. பொய் விவரம் கொடுத்தால் பெயரைப் பறித்துவிடுவோம் என்று கீழே எழுதியிருந்தது. என் பெயரைப் போட்டால் ஏஜென்சிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். என் சான்றிதழ் அவர்களுடைய அலமாரியில் இருக்கிறது. நீ கல்யாணமாகி வேறு இனிஷியல், வேறு ஊர். உன்னையும் என்னையும் யாரும் முடிச்சுப் போடமாட்டார்கள் என்று உன் விவரத்தைக் கொடுத்தேன். உன்னைக் கேட்டிருந்தால் ஏன் என்று கேட்பாய். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் அம்மாவில் போய் நிற்கும். அதனால் கேட்கவில்லை.

விவரத்தை மறைத்து வைக்கும் வசதி என்று பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. தனிக் கட்டணம். அது பெரிய கம்பெனிகளுக்கு என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். நான் கொடுப்பதை அவர்கள் பத்திரமாக உள்ளே வைத்துக்கொள்வார்கள் என்றுதான் நம்பினேன் அக்கா. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்கள் என்று சத்தியமாகத் தெரியாது. உன் முதல் கடிதத்தைப் படித்தபோதுதான் தேடிப் பார்த்தேன். உன் பெயர் பளிச்சென்று வந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கை ஓடவில்லை.

இப்போது அந்தக் கட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். இனித் தேடினால் உன் பெயர் வராது, வேறொரு கம்பெனியின் பெயரும் விலாசமும்தான் வரும். ஆனால் முன்பே பார்த்து எழுதி வைத்துக்கொண்டவர்களிடமிருந்து அதைத் திரும்ப வாங்க முடியாது.

நீ சொன்னால் நாளைக்கே வெப்சைட்டை மூடிவிடுகிறேன். மன்னித்துவிடு.

வாலு


மார்ச் 29

வாலுவுக்கு,

சுகம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கோபமாக இருக்கிறேன்.

எனக்கு யார்மேல் கோபம் என்று வரிசையாகச் சொல்ல உட்கார்ந்தால் தாள் போதாது. பெயர் பதியும் அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். "உண்மையைச் சொல்லு என்று மிரட்டி வாங்கிக்கொள்கிறீர்கள், பிறகு அதை மறைத்து வைக்கத் தனியாகக் காசு கேட்கிறீர்கள். வீடு கட்டித் தருகிறவன் கதவுக்குத் தனிப் பணம் கேட்டால் அவனை என்னவென்று சொல்வீர்கள்?" என்று கேட்டேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று அச்சடித்த பதில் வந்தது. அதிலும் என் விலாசம் மட்டும் பிழையில்லாமல் இருக்கிறது.

உன்மேல் கோபம் விலாசத்தைக் கொடுத்ததற்காக மட்டும் இல்லை. உலகத்துக்கெல்லாம் என் கதவு எண்ணைச் சொன்ன நீ, அந்தக் கதவுக்குள் இருந்த எனக்கு இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே! நீ வேலைதான் பெரிது என்று வராமல் இருந்துவிட்டாய் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அவர்கள் எல்லாரிடமும் இப்போது யார் போய் மாற்றிச் சொல்வது?

வெப்சைட்டை மூடினால் காலை ஒடிப்பேன்.

அந்த இஸ்திரிச் சட்டைக்காரன் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். நாற்காலியில் பிளாஸ்டர் தூசி இருந்தது, துடைக்கவில்லை.

"மேடம், நீங்க எழுதலைன்னு எங்களுக்குத் தெரியும். எழுதினது யாருன்னு மட்டும் சொல்லுங்க. நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கறோம்."

"நான்தான் எழுதினேன்."

"நீங்க நர்ஸே இல்லையே?"

"பல் செட் பண்றவ. கடிக்கத் தெரியும்."

"இருபது பேரு கதை இருக்கு மேடம் அதுல. இருபதும் நீங்களா?"

மேஜையைக் காட்டினேன். மேல் அச்சு, கீழ் அச்சு என்று வரிசையாகத் திறந்து கிடந்தன. "இருபது வாய் இங்கேயே இருக்கு. எண்ணிக்குங்க" என்றேன். அத்தான் கதவருகில் நின்று சிரித்துவிட்டார். அவன் எழுந்து போனபோது பேண்டின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

வேனில் வரும் ஒரு பிள்ளையின் அம்மா வக்கீல். நோட்டீஸுக்கு அவர்தான் பதில் எழுதிக் கொடுத்தார். "எழுதியதில் எந்த வரி பொய் என்று சொல்லுங்கள், அந்த வரிக்குரிய ஆளைக் கோர்ட்டில் நிறுத்துகிறோம். அதற்கு முன் ஊரார் சான்றிதழை எந்தச் சட்டப்படி பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்." கீழே நான் கையெழுத்துப் போட்டேன். என் சொந்தக் கையால், என்னைக் கேட்ட பிறகு. வித்தியாசம் புரிகிறதா?

தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நீங்கள் தனித்தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து போங்கள் என்று அவர் சொல்லச் சொன்னார்.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? ஆஸ்பத்திரி ரோட்டு டாக்டர் திரும்பி வந்தாரா?

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், முடிவு தெரியாமல் எழுதக் கூடாது என்று இருந்தேன். தொழிலாளர் துறைக்கு ஒன்பது பேர் சேர்ந்து போனோம். போகும் வழியில் இரண்டு பேர் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதிகாரி முதலில் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அந்த வெப்சைட் யாரும்மா நடத்துறது?" என்று கேட்டார். நாங்கள் புகார்த் தாளை மட்டும் நீட்டினோம். பிறகு அவரே, "நான் படிச்சேன். எம்பொண்ணும் நர்ஸ்தான்" என்றார். நாற்காலி வந்தது.

ஏஜென்சிக்காரர் இரண்டு தடவை வாய்தா வாங்கினார். மூன்றாவது தடவை சான்றிதழ்களை ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜைமேல் கொட்டினார். என்னுடைய சான்றிதழின் நடுவில் வட்டமாக ஒரு கறை. என் நாலு வருஷப் படிப்பின்மேல் யாரோ டீ கிளாஸ் வைத்திருக்கிறார்கள் அக்கா! அதை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "இது என்ன?" என்று கேட்டேன். "தொடைச்சா போயிடும்" என்றார். அந்தக் கறையையும் சேர்த்துப் போட்டோ எடுத்து வெப்சைட்டில் போட்டிருக்கிறேன். கீழே என் பெயரும் இருக்கிறது, முழுப்பெயர். விலாசம் மட்டும் இல்லை. பெயர் சொல்வது என் விருப்பம், வீட்டைச் சொல்வது வேறு.

திரும்பிப் போன இரண்டு பேருடையதும் அந்தப் பையில்தான் இருந்தது. அதிகாரி அவர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தார்.

இந்த மாதக் கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேருகிறேன். ஒரிஜினலைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். இதுவரை கேட்க எனக்கு உரிமை இல்லை என்று இருந்தேன். கடைசி நாளில் அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, அப்படியே எழுது.

அன்புடன்,
வாலு


மே 11

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் சுகம். ஆஸ்பத்திரி ரோட்டு டாக்டர் திரும்பி வந்துவிட்டார். மற்ற லேபில் செய்த பல் செட்டைப் போட்டவர் சிரிக்கும்போது கழன்று விழுந்ததாம். போனை மறுபடியும் போட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு பேராவது இன்னும் வெப்சைட் விற்கக் கூப்பிடுகிறார்கள். சான்றிதழ் பூட்டி வைக்கிறவர்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் அவர்களே வைத்துவிடுகிறார்கள்.

டீ கிளாஸ் விஷயம் என் மனசைவிட்டுப் போகவில்லை. அந்த ஆளை ஒரு நாள் என் முன்னால் உட்காரவை.

அம்மாவைப் பற்றிக் கேட்டாய். இதைக் கேட்க உனக்கு உரிமை இல்லை என்று எந்த மடையன் சொன்னான்?

கடைசி நாள் மத்தியானம் அம்மாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஊசி போட ஒரு நர்ஸ் வந்தாள். உன்னைவிடக் குள்ளம், மூக்குக்கண்ணாடி, முகத்தில் உன் சாயல் ஒரு துளிகூட இல்லை. அம்மா கண்ணைத் திறந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாலு, வந்துட்டியா?" என்றாள்.

"அது வாலு இல்லம்மா" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு குனிந்து, "வந்துட்டேம்மா" என்றாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

"உங்க அக்கா வாசல்லயே வச்சுத் திட்டுவா. பெரிசா எடுத்துக்காதே. அவ அப்படித்தான்."

"சரிம்மா."

அந்தப் பெண்ணுக்கு இன்னும் எத்தனையோ படுக்கை பாக்கி. ஆனாலும் அம்மா தூங்கும்வரை கையை உருவிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அம்மா கண் திறக்கவில்லை.

எனக்கு அன்று பொறுக்கவே முடியவில்லை. பக்கத்திலேயே இருந்தவள் நான், வராத உன்னிடம் பேசிவிட்டுப் போய்விட்டாளே என்று. இப்போது அப்படி இல்லை. அம்மா உன்னைப் பார்த்தாள் வாலு. உன் கையைப் பிடித்தாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். நீ வரவில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

வேலையில் சேருவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வா. அத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வேனைக் கொண்டுவருவார். நான் வாசலில் நிற்பேன், கண்டிப்பாகத் திட்டுவேன். நீ பாட்டுக்கு உள்ளே வந்துவிடு.

அக்கா